சிறிய வீடியோ கேமுக்குக் குரல் பதிவு: டப்பிங் தியேட்டரா, சொந்த அறையா, நடிகரின் வீடா?

எங்கள் விளையாட்டின் நான்காம் கட்டத்தில் ஒரு பாட்டி, "எடது பக்கமா போ தம்பி, அங்கதான் படிக்கட்டு இருக்கு" என்று சொல்லுவார். அந்த வரியைப் பதிவு செய்து, வெட்டிச் சீராக்கி, கோப்புக்குப் பெயரிட்டு உள்ளே சேர்த்து ஏழு வாரங்கள் ஆன பிறகு, விளையாடிப் பார்த்தவர்கள் புதிர் மிக எளிதாக இருக்கிறது என்று சொன்னதால், படிக்கட்டு வலப்பக்கத்துக்கு மாறியது. மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காக அதே நடிகரை, அதே அறையில், அதே மைக்குக்கு முன்னால், அதே தூரத்தில் மறுபடியும் உட்கார வைக்க முடியுமா என்பதுதான், எங்கே பதிவு செய்வது என்று தீர்மானிக்கிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்களோ அதுவரை மைக்கின் விலையையும் தியேட்டர் வாடகையையும் வைத்தே ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்று பேர் சேர்ந்து சென்னையில் செய்த விளையாட்டு அது. ஆறு பாத்திரங்கள், 1,140 வரிகள். ஒரு வரிக்குச் சராசரியாக 4 நொடி என்று வைத்தால் மொத்தம் 76 நிமிடக் குரல். ஒரு திரைப்பட டப்பிங்கோடு ஒப்பிட்டால் இது பெரிய வேலையாகத் தோன்றாது. ஆனால் திரைப்படத்தில் டப்பிங் தொடங்கும்போது படத்தொகுப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். நடிகர் பேச வேண்டிய உதடு திரையில் இருக்கும். வீடியோ கேமில் வெளியீட்டுக்கு முந்தைய வாரம் வரைகூடக் கதவுகள் இடம் மாறும், ஒரு பாத்திரம் முழுதாக நீக்கப்படும், ஒரு சாவியின் நிறம் சிவப்பிலிருந்து பச்சையாகும். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 150 வரிகளை மறுபடி பதிவு செய்ய நேர்ந்தது. இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு வழிகளை ஒப்பிட்டால் தராசு வேறு பக்கம் சாய்கிறது.

எல்லா வரிகளுக்கும் குரல் வேண்டுமா என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம். 2015இல் வந்த அண்டர்டேல் விளையாட்டில் எழுத்துகள் திரையில் ஓடும்போது சின்னச் சின்ன ஒலித்துணுக்குகள் மட்டுமே கேட்கும். பாத்திரத்துக்குப் பாத்திரம் அந்தத் துணுக்கு மாறும், அதுவே போதுமானதாக இருந்தது. டிஸ்கோ எலிசியம் 2019இல் வெளியானபோது பகுதி வசனங்களுக்கு மட்டுமே குரல் இருந்தது; பத்து இலட்சம் சொற்களுக்கு மேற்பட்ட அந்த விளையாட்டுக்கு முழுக் குரல் 2021 பதிப்பில்தான் வந்தது. வசனம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் குழு, முக்கியக் காட்சிகளுக்கு மட்டும் குரல் வைத்துவிட்டு மற்றவற்றை எழுத்தாக விடுவதில் குறை எதுவும் இல்லை. நாங்கள் முழுக் குரலைத் தேர்ந்ததற்குக் காரணம், எங்கள் பாத்திரங்கள் வெவ்வேறு வட்டார வழக்குகளில் பேசுகிறார்கள் என்பது. அதை எழுத்தில் படித்தால் பாதிதான் வரும்.

முதல் வழி டப்பிங் தியேட்டர். வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் பெரியதும் சிறியதுமாக இவை நிறைய இருக்கின்றன. ஒலி புகாத கதவு, நல்ல மைக், அனுபவமுள்ள சவுண்ட் இன்ஜினியர், தண்ணீர் பாட்டில் முதல் வசனத்தாள் ஸ்டாண்டு வரை எல்லாம் தயாராக இருக்கும் இடத்துக்கு நடிகரை அழைத்துப் போகும்போது, அவரும் வேலையை வேலையாக எடுத்துக்கொள்கிறார். அலறல், சண்டை, சாவு போன்ற வரிகளுக்குத் தியேட்டரை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் "காப்பாத்துங்க" என்று பதினொரு தடவை அலறினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டத்தான் செய்வார்கள். தொண்டையைக் கெடுக்கும் இத்தகைய வரிகளை ஒரே நாளில், இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல், நாளின் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது நடிகருக்கு நல்லது.

தியேட்டரின் சிக்கல் இரண்டாம் முறை போகும்போதுதான் தெரியும். ஒரே ஒரு வரிக்காகப் போனாலும் குறைந்தபட்ச நேரத்துக்கான வாடகையைக் கொடுக்க வேண்டும். நடிகருக்கும் ஒரு கால்ஷீட் போகும். நாம் கேட்கும் நாளில் அந்த அறை காலியாக இல்லாமல் பக்கத்து அறை கிடைக்கலாம், அங்கே மைக் வேறாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் பதிவு செய்த ஒலியைச் சுத்தப்படுத்திய பிறகே கையில் கொடுப்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. பேச்சில்லாத இடங்களில் ஒலியை முழுதாக அடைத்துவிடும் நாய்ஸ் கேட் என்ற வடிகட்டியை அந்த இன்ஜினியர் சற்று இறுக்கமாக வைத்துவிட்டார். கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் "போயாச்சு" என்பது "போயாச்ச்" என்று நின்றது, "பாத்துட்டு வர்றேன்" என்பதில் கடைசி ஒலி எங்கோ போய்விட்டது. தமிழ்ச் சொற்களின் இறுதியில் வரும் குற்றியலுகரம் பெயருக்கேற்பக் குறுகி, மெலிந்து ஒலிப்பது. பேச்சில் "அவன்", "மரம்" போன்றவற்றின் ஈறும் மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். வடிகட்டிக்கு அது இரைச்சலாகத் தெரிகிறது, காதுக்கு அது சொல்லின் பகுதி. மூலப்பதிவு இருக்கிறதா என்று கேட்டோம். அழித்துவிட்டார்கள். 40 வரிகளை மறுபடி பேச வேண்டியதாயிற்று. ஆகவே தியேட்டருக்குப் போகிறவர்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ வேவ் கோப்புகளாக, எந்த விளைவும் சேர்க்காத மூலத்தை அன்றைக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். 76 நிமிடத்துக்கு அது ஏறத்தாழ 660 மெகாபைட். கைவிடப்பட்ட டேக்குகளையும் சேர்த்தாலும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

இரண்டாவது வழி, சொந்தமாக ஓர் அறையைப் பதிவுக்குத் தயார் செய்வது. இதற்கு எல்லோரும் காட்டும் முன்மாதிரி, 2011இல் வெளியான பாஸ்டியன். சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் என்ற சிறு குழு செய்த அந்த விளையாட்டில், நாம் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சொல்வதுபோல ஒரு கதைசொல்லி பேசிக்கொண்டே வருவார். ஏறத்தாழ 3,000 வரிகள். லோகன் கன்னிங்ஹாம் பேசியதை, ஒலிப்பொறுப்பாளர் டேரன் கோர்ப் நியூயார்க்கில் தம் குடியிருப்பின் துணி அலமாரிக்குள் பதிவு செய்தார். இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள். அலமாரியைப் பற்றியே அனைவரும் பேசுகிறார்கள். ஒரே வீட்டில் இருந்ததுதான் முக்கியம் என்பது என் கருத்து. வசனம் மாறினால் அன்று மாலையே மாற்றிப் பேசிப்பார்க்க முடிந்த வசதிதான், அந்தக் கதைசொல்லியை விளையாட்டோடு அவ்வளவு ஒட்ட வைத்தது. அதே குழு 2020இல் ஹேடீஸ் வெளியிட்டபோது வரிகள் 20,000ஐத் தாண்டின. அதன் நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் கோர்ப்பே.

அலமாரி என்பதை நம் வீட்டில் அப்படியே செய்ய முடியாது. அமெரிக்க வீட்டின் அலமாரி ஆள் நுழையக்கூடிய சிற்றறை, சுற்றிலும் துணி தொங்கும். நம் வீட்டில் இருப்பது இரும்பு பீரோ. அதன் பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் தகடு கூடவே அதிரும். தரை டைல்ஸ், சுவர் சிமென்ட், மேலே கான்கிரீட் கூரை என்று எல்லாப் பக்கமும் கெட்டிப் பரப்பு இருப்பதால், நம் அறைகளில் பேச்சு சுவரில் பட்டுத் திரும்பி மைக்குக்கு இரண்டாம் முறையும் வந்து சேர்கிறது. நாங்கள் கண்ட தீர்வு இலவம்பஞ்சு மெத்தை. மூன்று மெத்தைகளைச் சுவர் மூலையில் 'ப' வடிவில் நிறுத்தி, மேலே கொடி கட்டிக் கனத்த போர்வை ஒன்றைப் போட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்தோம். கடையில் விற்கும் மெல்லிய ஃபோம் பலகைகளை முன்பு ஒட்டிப்பார்த்ததைவிட இது பல மடங்கு மேல். கட்டை தட்டிய கீழ்க்குரலை அடக்குவதற்குக் கனம் வேண்டும்; ஓர் அங்குல ஃபோமுக்கு அது முடியாது.

வெளிச்சத்தம் வேறு கதை. மெத்தை எதிரொலியைக் குடிக்கும், தெருவை நிறுத்தாது. ஃபேனும் ஏசியும் அணைத்த அறையில் மே மாதத்தில் ஒரு நடிகர் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார். அதிகாலையில் குயில், மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி, காலை எட்டு மணிக்குக் குக்கர் விசில், மாலையில் ஆட்டோ ஹாரன் என்று கழித்துக்கொண்டே வந்தால், எங்கள் தெருவில் பகல் இரண்டு முதல் நாலு வரையும், இரவு பத்தரைக்கு மேலும்தான் மிஞ்சியது. மின்தடை வந்து இன்வெர்ட்டருக்கு மாறியதும் பதிவில் ஒரு முனகல் சேர்ந்துகொள்ளும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி, சார்ஜரைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் அது அடங்கும்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாகக் கிடைப்பது திரும்பி வரும் வசதி. மைக் ஸ்டாண்டின் மூன்று காலும் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டினோம். மைக்குக்கும் உதட்டுக்கும் ஒரு சாண் தூரம் என்று வைத்தோம். பதிவின் அளவுக் குமிழ் இருந்த நிலையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டோம். பாட்டியின் 'வலது பக்கமா' இந்த அறையில்தான், பக்கத்துத் தெருவில் இருக்கும் நடிகர் காய்கறி வாங்கப் போகும் வழியில் வந்து பேசிவிட்டுப் போனது. கால் மணி நேரம் ஆயிற்று. ஏழு வாரம் முந்தைய வரியோடு அடுத்தடுத்து வைத்துக் கேட்டபோது எங்கள் மூவரில் ஒருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

மைக் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கண்டென்சர் மைக் நுட்பமானது. நல்ல அறையில் நன்றாக இருக்கும், மோசமான அறையின் மோசத்தையும் அவ்வளவு நுட்பமாகப் பிடிக்கும். டைனமிக் மைக் கிட்டத்தில் பேசினால் சுற்றுப்புறத்தைக் குறைவாக எடுக்கும். ஆனால் ஷூர் எஸ்எம்7பி போன்றவற்றுக்கு 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்கம் தேவை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி மலிவானதாக இருந்தால், அதைக் கொடுக்கும்போது 'ஸ்ஸ்' என்ற இரைச்சலையும் சேர்த்துக் கொடுக்கும். மெத்தைக்குள் உட்காருவதென்றால் நடுத்தரக் கண்டென்சரும் இரண்டு உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸும் போதும்; 25,000 ரூபாய்க்குள் முடியும். இதற்கு மேல் செலவழிக்கப் பணமிருந்தால் நடிகருக்குக் கூடுதலாகக் கொடுப்பேன்.

மூன்றாவது வழி, நடிகர் தம் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புவது. இதை நான் செலவு குறைவு என்பதற்காகப் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வழியில் கிடைக்காத குரலுக்காகப் பரிந்துரைப்பேன். எங்கள் விளையாட்டில் யாழ்ப்பாணத்து மீனவர் ஒருவர் வருகிறார். சென்னையில் இருந்துகொண்டு அந்த வழக்கை நடித்துக்காட்டுபவர்கள் கிடைப்பார்கள், "எங்க போறியள்?" என்பதைச் சொல்லிவிடுவார்கள், ஆனால் வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் நடிகரைத் தேடிப் பிடித்தோம். வீடியோ அழைப்பில் நான் இருந்து ஒவ்வொரு வரிக்கும் சூழல் சொல்ல, அவர் தம் பக்கம் தனியாகப் பதிவு செய்தார். அழைப்பில் கேட்கும் ஒலி சுருக்கப்பட்டது; அதை ஒருபோதும் மூலமாக எடுக்கக் கூடாது. முதலில் இரண்டு நிமிட மாதிரி ஒன்றை வாங்கி, ஹெட்போனில் உரக்க வைத்துக் கேட்டு, அறையின் எதிரொலி தாங்கக்கூடியதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். ஃபேன் போன்ற சீரான இரைச்சலைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். எதிரொலியை எடுப்பது அதைவிடக் கடினம். அதுவும் வீடியோ கேமில் ஒரே குரல் குகைக்குள்ளும் கடற்கரையிலும் கேட்க வேண்டியிருக்கும். குகையின் முழக்கத்தை விளையாட்டை இயக்கும் மென்பொருளான என்ஜினில் சேர்த்துக்கொள்ளலாம், படுக்கையறையின் முழக்கத்தோடு கடற்கரையில் நிற்க முடியாது.

செயற்கைக் குரலையும் சோதித்தோம், அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழில் ஒரு வல்லின எழுத்தின் வெவ்வேறு ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இல்லாததால், 'பாவம்' என்று எழுதினால் இரக்கத்துக்குரியதா, முகத்தில் காட்டும் உணர்ச்சியா என்பது நாம் பொருளறிந்து படித்துக்கொள்வது; நாங்கள் பயன்படுத்திய கருவி இரண்டையும் ஒன்றாகவே படித்தது. பேச்சு வழக்கில் எழுதிய வரிகளைச் செய்தி வாசிப்பதுபோல வாசித்தது. கருவிகள் மேம்படும், மறுக்கவில்லை. ஆனால் நடிகரின் குரலை அவர் ஒப்புதலின்றிப் படியெடுப்பது குறித்த பாதுகாப்புகளை முன்வைத்துத்தான் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2024 ஜூலையில் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜூன் வரை நீட்டித்தது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வெளியிடுவோர் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய உள்ளடக்கத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் நடைமுறை. வசனத்தின் நீளத்தைச் சோதிக்கும் தற்காலிகக் குரலாக மட்டும் அதை வைத்துக்கொண்டு, பதிவுக்கு முன் அகற்றிவிட்டோம்.

இடத்தைவிட ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாங்கள் அதிகம் கற்றோம். டப்பிங் கலைஞர்கள் கருவியைப் போலத் துல்லியமானவர்கள். தாள் புரளும் சத்தமோ நாக்குச் சொடுக்கோ வராது, சொன்ன மாற்றத்தை அடுத்த டேக்கிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆனால் திரையில் உதடு பார்த்துப் பேசியே பழகியவர்களுக்கு, எக்செல் தாளில் தனித்தனியாக நிற்கும் வரி அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கிறது. இல்லாத உதட்டுக்காக அவசரப்படுகிறார்கள். மேடை நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர்கள். மைக்குக்கு முன் அவர்களைத் தணிக்கவே அரை நாள் போகும். எனக்குக் கிடைத்தவர்களில் மிகச் சிறந்தவர் ஒரு முன்னாள் வானொலி நாடக நடிகர். படமே இல்லாமல், எதிரில் இருப்பவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதைக் குரலாலேயே காட்டுவது அவருக்கு இயல்பாக வந்தது. யாராக இருந்தாலும், வரிக்கு எதிரே யார் யாரிடம் பேசுகிறார், எவ்வளவு தூரத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்த பிறகு, மணிக்கு 35 வரியாக இருந்த எங்கள் வேகம் 60 ஆயிற்று.

ஒலித்தொகுப்பு மென்பொருளாக ஆடாசிட்டியா, ரீப்பரா என்ற கேள்விக்கு என் விடை வரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆடாசிட்டி இலவசம், 3.2 பதிப்பிலிருந்து மூலத்தைச் சிதைக்காத நேரடி விளைவுகளும் வந்துவிட்டன. நூறு வரிக்குள் உள்ள வேலைக்கு அதுவே தாராளம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சிறு நிறுவனங்களுக்கான உரிமம் 60 டாலர். ஆயிரம் வரி என்று வரும்போது, ஒவ்வொரு வரியையும் ஒரு பகுதியாகக் குறித்து, பாத்திரம், காட்சி எண், வரி எண் என்று பெயரிட்டு, ஒரே கட்டளையில் 1,140 கோப்பாக வெளியே எடுக்க முடிவதற்கு 60 டாலர் மலிவு. அதைவிட, மறுபதிவு வரும்போது பழைய வரியின் அருகிலேயே புதியதை வைத்துக் கேட்டு ஒத்துப் பார்க்க முடிகிறது. கோப்பின் பெயரும் வசனத்தாளில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயரிட்டவர்களில் நானும் ஒருவன்.

இரைச்சல் நீக்கத்தில் கை அடக்கம் வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையை மட்டும் பதிவு செய்துகொண்டால், அந்த மாதிரியை வைத்து இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம். பேராசைப்பட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். விளையாட்டில் குரலுக்குக் கீழே கடலும் காற்றும் இசையும் எப்படியும் இருக்கும், சிறு இரைச்சலை அவை மூடிவிடும். அதேபோல எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், கேட்க அபத்தமாக இருக்கும். கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே அளவில் ஒலிக்கும். பாத்திரத்துக்கு ஓர் அளவை வைத்து, அந்தப் பாத்திரத்தின் வரிகள் முழுவதையும் சேர்த்து ஏற்றவோ இறக்கவோ செய்தோம். வீட்டுத் திரையில் ஆடும் விளையாட்டின் மொத்த ஒலிக்குச் சோனி பரிந்துரைக்கும் −24 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவை இலக்காக வைத்து, குரல் அதற்குள் எங்கே உட்காருகிறது என்பதைக் கடைசியில் காதால் தீர்மானித்தோம். மூச்சை எல்லா இடத்திலும் வெட்டவில்லை. படியேறி வந்த பாட்டி மூச்சு வாங்காமல் பேசினால் அது வேறு யாரோ.

இறுதியில் எங்கள் பங்கீடு இப்படி அமைந்தது. பாட்டி, சிறுவன், கதைசொல்லி ஆகிய மூவரின் ஏறத்தாழ 800 வரிகளும் மெத்தை அறையில். அலறலும் சண்டையும் ஒரே ஒரு காட்சியில் வரும் இருவரின் பேச்சும் தியேட்டரில், இரண்டே நாளில், மூலக்கோப்பை அன்றே வாங்கிக்கொண்டு. மீனவர் யாழ்ப்பாணத்தில். ஒப்பந்தத்தில், முதல் பதிவுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் மூன்று குறுகிய மறுபதிவுகள், அவற்றுக்குத் தனித் தொகை என்று எல்லோருக்கும் எழுதினோம். சிறுவனாகப் பேசியவரிடம் மட்டும் அந்த ஆறு மாதத்தை மூன்றாகக் குறைத்துக்கொண்டோம்; அவருக்கு வயது பதின்மூன்று, குரல் எப்போது வேண்டுமானாலும் உடையும்.